மழையில் ஒரு லெவல் சர்வே

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்தபோது, "ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார். "மழையில பறவை பார்க்கப் போன கதையைச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுல டெக்னிக்கல் இருக்கா?" என்றார். "இருக்கு சார், லெவல் சர்வே இருக்கு" என்று சொல்லித்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். ஆகவே கடைசிவரை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் இங்கே சிவில் படித்து 2009-ல் வெளியே போனவன். ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்த மூன்று பேர் இன்றைக்கும் வருடத்தில் ஒரு தடவை எங்காவது சேர்ந்து போகிறோம். ஒருவன் மெக்கானிக்கல், ஒருவன் எலெக்ட்ரிகல், நான் சிவில். பெயர் சொன்னால் வீட்டில் பிரச்சினை வரும் என்பதால் பிரிவின் பெயரையே சொல்கிறேன். எங்கள் மூவருக்கும் பொதுவான வியாதி கேமரா. சம்பளத்தில் ஒரு பகுதியை லென்ஸில் போட்டுவிட்டு, வீட்டில் பில்லை மறைத்து வைக்கிற கூட்டம்.

2022 டிசம்பர் கடைசி வாரம் கோடியக்கரைக்குப் போவதென்று முடிவு செய்தோம். வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, ஒரு இடத்தில் முழங்கை மடித்த மாதிரி மேற்கே திரும்புகிறதே, அந்த முழங்கைதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. 1967-ல் வெளிமான்களைக் காப்பாற்றுவதற்காகச் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு அங்கே வரும் நீர்ப்பறவைகளுக்காக 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் சேர்ந்த தமிழ்நாட்டின் முதல் ஈரநிலம் அதுதான். மொத்தம் 38,500 ஹெக்டேர். காடு, சதுப்பு, உப்பளம், கடல் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற இடம்.

வேதாரண்யத்தில் அறை எடுத்தோம். போய்ச் சேர்ந்த ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. விடிகாலை ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால், எதிரே இருந்த டீக்கடையே தெரியவில்லை. எலெக்ட்ரிகல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "டேய், பறவை எல்லாம் லீவு விட்டிருக்கும்டா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மெக்கானிக்கல்தான் விடவில்லை. "இருநூறு மைல் வந்தது தூங்கவாடா?" என்று இரண்டு பேரையும் கிளப்பினான்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். வழியில்தான் அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். நினைவுத் தூண் இருக்கிறது. மழையில் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனோம். காட்டுக்குள் நுழைந்தால், 2018 நவம்பரில் அடித்த கஜா புயலின் தடம் அப்போதும் மறையவில்லை. வேரோடு சாய்ந்த பாலை மரங்கள் பல அப்படியே கிடந்தன. சாய்ந்த சிலவற்றில் புதிய கொப்புகள் நிமிர்ந்து நின்றன.

எங்களுக்கு வழிகாட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவராம். உர மூட்டைச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். நாங்கள் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் மழைக்கோட்டில் நனைந்துகொண்டிருந்தோம். அவர் நனையவில்லை.

"வண்டி போவாது தம்பி. களி. நடந்துதான் போவணும்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம்.

மழையில் படம் எடுக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த மழை உறை ஒன்று வாங்கியிருந்தேன். அதை அறையிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன். மெக்கானிக்கல் துணிக்கடைப் பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு, லென்ஸின் முன்மூடியோடு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினான். அன்று முழுக்க அவன் கேமராதான் ஒழுங்காக வேலை செய்தது. இன்னொன்று, ஏ.சி. ஓடும் காரிலிருந்து கேமராவைத் திடீரென்று ஈரக் காற்றில் எடுத்தால் கண்ணாடி முழுக்க மூடுபனி படியும். துடைக்கத் துடைக்க வரும். கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. முதல் அரை மணி நேரம் நான் எடுத்த படங்களில் பறவையும் மேகமும் ஒரே மாதிரி இருக்கின்றன.

ஆனால் மழை மேகத்திலும் ஒரு லாபம் உண்டு. நல்ல வெயிலில் கொக்கு, நாரை போன்ற வெள்ளைப் பறவைகளை எடுத்தால் இறகின் விவரமே இல்லாமல் வெறும் வெள்ளையாகப் போய்விடும். மேகம் மூடிய வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும்.

சரி, கரைக்கு வருகிறேன். உப்பளத்தின் வரப்பு மாதிரி ஒரு மண் மேட்டில் ஏறி நின்றோம். மழை கொஞ்சம் தணிந்தது. முன்னால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் பூநாரை. ஆயிரத்துக்குக் குறையாது. நீண்ட கழுத்தைக் குனிந்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்று நீரை அலகால் வடிகட்டித் தின்றுகொண்டிருந்தன. இந்தப் பக்கம், எங்கள் காலுக்குக் கொஞ்ச தூரத்தில், சேற்றில் எலி ஓடுகிற மாதிரி குடுகுடுவென்று ஓடும் சின்னப் பறவைகள். கொசு உள்ளான் என்று பெயர். எடை 20 முதல் 30 கிராம்தான். நம் ஹாஸ்டல் இட்லி அதைவிடக் கனம். அந்த இட்லிக் கனம் இல்லாத பறவை ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் ஓரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இந்தக் கரையில் பல வருடங்கள் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்திருக்கிறார்கள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விஷயம் உறைத்தது. பறவைகள் கலந்து நிற்கவில்லை. வரிசை வரிசையாக, யாரோ கயிறு பிடித்து நிறுத்தின மாதிரி நின்றன. ஓரத்தில் ஈரச் சேற்றில் கொசு உள்ளான். அதற்கு அடுத்து, கொஞ்சம் தண்ணீர் நின்ற இடத்தில் அலகு வளைந்த உள்ளான்கள். அதையும் தாண்டி நெடுங்கால் உள்ளான். கடைசியில் பூநாரை.

"ஏண்ணே இப்படி வரிசையா நிக்குது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கால் எட்டணுமுல்ல தம்பி? அதது கால் அளவுக்குத்தான் நிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். நான்கு வருடம் சர்வேயிங், ஹைட்ராலிக்ஸ் எல்லாம் படித்த எனக்கு அந்த ஒரு வரி பளிச்சென்று அறைந்தது. கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர்தான் தாங்கும். வளைந்த அலகுக்காரருக்கு நாலு விரற்கடை. நெடுங்காலுக்கு ஒரு சாண். பூநாரைக்கு நம் முழங்கால் ஆழமும் பரவாயில்லை. அதாவது ஒன்றரை அடிக்குள் நாலு விதமான உயிர்களுக்கு நாலு சாப்பாட்டு மேஜை. தரை அரை அடி உயர்ந்தாலோ, தண்ணீர் அரை அடி கூடினாலோ ஒரு பந்தி முழுக்க எழுந்து போக வேண்டியதுதான். "மழை ரொம்பப் பேஞ்சா இந்தச் சின்னதெல்லாம் இங்க இருக்காது, வரப்பு ஓரமா ஒதுங்கிடும்" என்று அவரே சொன்னார்.

அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரிகலுக்கு ஒரு யோசனை. "எல்லாம் நின்னுட்டே இருக்குடா. ஒரு கை தட்டினா மொத்தமும் எழும்பும். ஃப்ளைட் ஷாட் பிரமாதமா வரும்." கையை உயர்த்தியும்விட்டான். மறைக்காமல் சொல்கிறேன், நானும் கேமராவைத் தயாராகத்தான் தூக்கினேன்.

பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. "தட்டினா பறக்கும் தம்பி. ஒங்களுக்குப் படம் கெடைக்கும். அதுக்கு என்ன கெடைக்கும்? ராவெல்லாம் மழை. இப்பத்தான் வாயை வெக்கிது."

எலெக்ட்ரிகல் கையை இறக்கிவிட்டான். அப்புறம் யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் திரும்பிப் பறக்க வேண்டிய பறவை, பெட்ரோல் போடுகிற மாதிரி உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை நாம் கிளப்பும்போதும் டாங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வெளியே ஊற்றுகிறோம். ஒருவர் ஒரு தடவை தட்டினால் பரவாயில்லை என்று தோன்றும். ஒரு சீசனுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

முக்கால் மணி நேரம் மழையில் அப்படியே நின்றோம். தானாகவே ஒரு செம்பருந்து தாழப் பறந்து வந்தது. உள்ளான் கூட்டம் ஒரே சமயத்தில் எழும்பி, வளைந்து, வயிற்று வெள்ளையைக் காட்டி, மறுபடி அதே இடத்தில் இறங்கியது. நான் பித்தானை அழுத்தினேன். கண்ணாடியில் மழைத்துளி. படம் வரவில்லை. மெக்கானிக்கலின் துணிக்கடைப் பைக்கு வந்தது. அந்தப் படத்தைத்தான் இந்த மலருக்குக் கொடுத்திருக்கிறான்.

இதுவரை சொன்னது உல்லாசப் பயணம். இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் நான் இங்கே வந்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2014 மே மாதம், வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் ஆன நேரம், வடக்கே இதே கடலோரத்தில் ஒரு உவர்நிலத்தின் குறுக்கே மண் மேடு போட்டுப் போகும் ஒரு இணைப்புச் சாலைக்கு நான் சர்வே எடுத்தேன். அக்கினி நட்சத்திர வெயில். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு காக்காய்கூட இல்லை. அரை மீட்டர் இடைவெளிக்கு ஒரு சமமட்டக் கோடு என்று வரைபடம் போட்டோம். அரை மீட்டர் கணக்கில் அந்த நிலத்தில் கோடே விழவில்லை. அறிக்கையில், "சமதளமான, வறண்ட, பயன்பாடற்ற நிலம்" என்று எழுதினேன். என் கையெழுத்துதான். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

அதோடு நிற்கவில்லை. மழைத் தண்ணீர் கடக்க அந்த மேட்டுக்கு அடியில் குழாய் போட வேண்டும். மண் அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று குழாயின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தேன். என் மேலதிகாரி பாராட்டினார். நானும் புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும் வழியில் நண்பர்களிடம் சொல்லி, கடலோரச் சாலையிலிருந்து வண்டியை அந்த இடத்துக்குத் திருப்பச் சொன்னேன். அப்போதும் மழை தூறிக்கொண்டிருந்தது. சாலை நன்றாக இருந்தது. ஒரு விரிசல் இல்லை. அதைப் பார்க்கத்தான் முதலில் கண் போனது, தொழில் புத்தி. பிறகு இரண்டு பக்கமும் பார்த்தேன். நிலத்தின் பக்கம் தண்ணீர் ஒரு அடி ஆழத்துக்குத் தேங்கி நின்றது. குழாயின் அடிமட்டம் வரை நிரம்பினால்தானே வழியும்? அந்த ஆழத்தில் எந்த உள்ளானுக்கும் கால் எட்டாது. இரண்டு நீர்க்காகம் முங்கி எழுந்துகொண்டிருந்தன. கடலின் பக்கம் தரை மேடு தட்டி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. முன்பு கடல் ஏற்றத்தின்போது உள்ளே வந்து போன தண்ணீருக்கும் அந்த 30 சென்டிமீட்டர்தான் வாசற்படி.

பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவிடம், "இங்க முன்னாடி பறவை வருமாம்மா?" என்று கேட்டேன். "ஐப்பசி, கார்த்திகையில வருமே. சின்னச் சின்னதா, கூட்டமா. ரோடு போட்டதுலேருந்து இல்ல" என்றார். டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்க ரோட்டுக்காரங்களா?" என்று கேட்டார். மெக்கானிக்கல் என்னைப் பார்த்தான். "ஆமாம்மா" என்றேன்.

ஊருக்கு வந்ததும், தரை மட்டத்திலேயே நாலு குழாய் கூடுதலாகப் போடலாம் என்று ஒரு வரைபடம் போட்டு, நான் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு அனுப்பினேன். வேலை முடிந்து கோப்பு மூடியாயிற்று என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். சாலையைப் பழுது பார்க்கும்போது யோசிக்கலாம் என்று ஒருவர் போனில் சொன்னார். வருடா வருடம் மழைக்கு முன் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே, சாலை வேண்டாம், பாலம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தச் சாலை வந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் குறைந்தது என்பதையும் அதே டீக்கடை அம்மாதான் சொன்னார். சாலையும் இருந்திருக்கலாம், பறவையும் இருந்திருக்கலாம். இடையில் நின்றது என் 30 சென்டிமீட்டர். செலவுகூட ரொம்ப வித்தியாசப்பட்டிருக்காது. கார்த்திகையில் ஒரே ஒரு தடவை அங்கே போய் மழையில் நின்றிருந்தால் போதும். நான் மே மாதம் மட்டும் போனேன்.

இப்போது என் வேலையில் இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். தாழ்நிலம், சதுப்பு, ஏரி ஓரம் எதுவானாலும் வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை போகாமல் கையெழுத்துப் போடுவதில்லை. அங்கே 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கேட்கிறேன். "என்ன சார், பாத்ரூமுக்கா லெவல் எடுக்கிறோம்?" என்று சர்வேயர் முணுமுணுப்பார். டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்திவிடுவேன்.

கடைசியாக, நம் வீட்டு விஷயம் ஒன்று. சிவில் பிளாக்குக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதே, இரண்டாம் ஆண்டில் டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அலைந்த இடம், அதை மண் போட்டு மூடி வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று சங்கத்தில் ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நன்கொடை கொடுப்பவர்களில் என் பெயரும் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாணவர்கள் அங்கே லெவல் எடுக்கட்டும். 10 சென்டிமீட்டர் கணக்கில் எடுக்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எங்கே போகிறது, அதில் யார் யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதட்டும். இறுதியாண்டு பிராஜெக்ட்டாகவே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தை மாதம் சங்கம் என்ன முடிவு செய்தாலும் என் நன்கொடை உண்டு.

லெவல் எடுக்க ஆள் வேண்டும் என்றால், மழை நாளில் ஸ்டாஃப் பிடிக்க நான் வருகிறேன். எலெக்ட்ரிகலும் வருவான். கை தட்ட மாட்டான். மெக்கானிக்கல் துணிக்கடைப் பை கொண்டு வருவான்.

மெஸ்ஸில் இலை போட்டாயிற்று என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.